மச்சானுக்குப் போட்ட நாலு தையல்

ஊசியில் மருந்தை ஏற்றிப் பிடித்துக்கொண்டு தொட்டியோரம் நிற்கிறீர்களே, தம்பிகளா, தங்கைகளா, அதைக் கொஞ்சம் கீழே வையுங்கள். மீன் எங்கேயும் ஓடிவிடாது. கிழவி வந்துவிட்டாள், இனி அரை மணி நேரம் அறுப்பாள் என்று நீங்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. கண்தான் மங்கிப்போச்சே தவிர காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

எவ்வளவு மருந்து, எந்த இடத்தில் குத்துவது, எத்தனை மணி நேரம் கழித்து முட்டையைப் பிழிவது, இதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். சுவரில் அட்டவணையும் ஒட்டியிருக்கிறது. அந்த அட்டவணையில் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் தாம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வந்தேன். நான் செய்த ஒரு தப்பு அது. பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் நீங்களும் அதையே செய்வீர்கள்.

நான் இந்தத் தொழிலில் நன்றாக ஊறிப்போன சமயம். குன்றத்தூர் பக்கம் ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் வேலை. சுற்றுவட்டாரத்தில் யாராவது தொட்டி கட்டி நாட்டுக் கெளுத்தி வளர்த்தால், குஞ்சு எடுத்துக் கொடுக்க என்னைத்தான் அனுப்புவார்கள். தடை போட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை யாராவது கொண்டுவந்தால் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போவார்கள், அது வேறு கதை. ஐஸ் பெட்டியில் மருந்தும் ஊசியும், பையில் ஒரு துண்டும் கோழி இறகும், இதுதான் என் சொத்து. வசந்தா கை வைத்தால் பொரிக்காத முட்டையும் பொரிக்கும் என்று பேர். கைராசிக்காரி, கைராசிக்காரி என்று சொல்லிச் சொல்லி எனக்கும் தலைக்கனம் ஏறிவிட்டது. ஆமாம், ஏறிவிட்டது, அதை மறைப்பானேன்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். தொட்டியில் வளரும் கெளுத்தி தானாக முட்டை போடாது. ஊசி போட்டால்தான் வயிற்றிலுள்ள முட்டை பழுக்கும். பழுத்ததும் பெண் மீனின் வயிற்றை மெல்லத் தடவினால் போதும், முட்டை தானாக வழிந்து வந்துவிடும். ஆண் மீன் அப்படித் தராது. அதன் வயிற்றைக் கிழித்து, உள்ளே இருக்கிற விந்துப்பை இரண்டையும் எடுத்து, நறுக்கி, உப்புநீரில் கரைத்து முட்டைமேல் ஊற்ற வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் ஆண் மீன் சாக வேண்டும். நமக்கு இது தெரிந்து தெரிந்து, ஊர் உலகத்துக்கே தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இன்னொரு பழக்கமும் நம்மிடம் உண்டு. எல்லாவற்றையும் கல்யாணப் பேச்சாகவே பேசுவோம். பொண்ணு ரெடியா, மாப்பிள்ளை ரெடியா, முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று சிரித்துக்கொண்டே கேட்போம். வெட்டுவது என்கிற பேச்சை மட்டும் எடுக்கவே மாட்டோம். மாப்பிள்ளையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போவோம், வேலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு வருவோம், யாரும் பார்க்க மாட்டார்கள்.

அந்த வருஷம் ஐப்பசியில் திருநீர்மலை மலைக்குப் பின்பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். ஜப்பார் பாய், ஜமீலா அக்கா என்று ஒரு தம்பதி. சேலையூர் கேம்ப் ரோட்டில் தையல் கடை வைத்திருந்தவர்கள். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாதிப் பேர் பாய் தைத்த யூனிஃபார்மில் படித்து வளர்ந்தவர்கள். பாய்க்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் கொஞ்சம் குழறும். கடையை விட்டுவிட்டு வீட்டோடு வந்தார்கள். ஜமீலா அக்கா மீன் வளர்ப்புப் பயிற்சிக்குப் போய், பின்பக்கத்துக் காலி இடத்தில் மூன்று சிமெண்ட் தொட்டி கட்டினார். வெளியில் குஞ்சு வாங்கி வளர்த்துக் கட்டுப்படியாகவில்லை. நம்ம தொட்டியிலேயே குஞ்சு எடுத்தால்தான் இதை நடத்த முடியும் என்று சொல்லி எனக்கு ஆள் அனுப்பினார்.

பெரிய மீன் என்று அவர்களிடம் இருந்தது மூன்றுதான். இரண்டு பெண், ஒரு ஆண். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெண் மீன் இரண்டுக்கும் ஊசி போட்டேன். வயிறு நன்றாக உப்பி இருந்தது. நாளைக்கு ஒன்பது மணி சுமாருக்குத் தயாராகிவிடும் என்று கணக்குப் போட்டு, கையைக் கழுவிக்கொண்டு, "மாப்பிள்ளை எங்கே பாய்?" என்று சிரித்தபடி கேட்டேன்.

பாய் முகம் மலர்ந்துவிட்டது. வலது கையை மடக்கித் தொட்டி விளிம்பில் மூன்று தட்டு தட்டினார். அடியிலிருந்து ஒரு கறுப்பு மீன் நேரே அவர் கைக்குக் கீழே வந்து மீசையை ஆட்டிக்கொண்டு நின்றது.

"என் மச்சான் எப்டி கீறான் பாரும்மா. ஜம்முனு கீறான்ல? நான் தட்னாதான் வருவான். இவ தட்னா திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்."

"ஆமா, என்னைக் கண்டா ஆகாது அதுக்கு" என்றார் அக்கா.

நானும் என் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "நல்ல மாப்பிள்ளை பாய், இவன் ஒருத்தன் போதும்" என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே ஒரு அறை விடலாம்போல இருக்கிறது.

ஊசி போட்டு முடித்த பிறகுதான் டீ வந்தது. டீ குடிக்கும்போதுதான் அக்கா கதையைச் சொன்னார்.

"கை விழுந்தப்போ டாக்டர் ஒரு பந்து குடுத்து, தினமும் அமுக்கச் சொன்னாரு மேடம். இவரு அதைத் தூக்கி எதிர் வூட்டுக் கூரை மேல போட்டுட்டாரு. கைய மடில வெச்சுக்கினு உக்காந்தே கெடப்பாரு, பேச மாட்டாரு. ஒருநாள் தொட்டியாண்ட உக்காந்திருக்கச்சே இது வந்து இவர் விரலைச் சப்பிச்சு. அன்னிலேருந்து தினம் காலைல அந்தக் கையாலதான் தீனி. மொதல்ல விரல் விரியவே விரியாது. மொத்தமா கொட்டிடும். இப்ப பாருங்க, உருண்டைய ஒண்ணொண்ணா எடுத்துப் போடறாரு. டாக்டரே அசந்துபோய், யார்கிட்ட பிசியோதெரபிக்குப் போறீங்கன்னு கேட்டாரு."

"மச்சான்கிட்டன்னு சொன்னேன்" என்று பாய் சிரித்தார்.

எனக்கு டீ தொண்டையில் நின்றுவிட்டது. இவர்களுக்குத் தெரியாது. நான் சொல்லவே இல்லை. பயிற்சியில் சொல்லியிருப்பார்கள் என்று நான் நினைத்தேன், வருகிற மேடம் சொல்வார்கள் என்று பயிற்சியில் நினைத்திருப்பார்கள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதுதான் என் தப்பில் பெரிய தப்பு. பாய் சிரித்துக்கொண்டிருந்தார், அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. நாளைக்கு வந்து பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு, டீ நன்றாக இருந்தது அக்கா என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். அப்போது என் வீடும் சேலையூரில்தான். போகிற வழியில் பஸ் ஜன்னல் ஓரம் அவர்களுடைய பழைய கடையைப் பார்த்தேன். அங்கே இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள்.

விடிவதற்குள் நல்ல மழை பிடித்துக்கொண்டது. காலையில் முடிச்சூர்ப் பக்கமெல்லாம் முழங்கால் தண்ணீர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாதித் தூரம் ஆட்டோ, மீதித் தூரம் நடை என்று எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். முதலில் பெண் மீன்களைப் பார்த்தேன். வயிற்றை லேசாகத் தடவினேன், ஒரு முட்டையும் வரவில்லை. மழையில் தண்ணீர் சில்லிட்டுப்போய் முட்டை பழுப்பது தள்ளிப்போயிருந்தது. பதினொரு மணி ஆகும் என்று பட்டது. அவசரப்பட்டு அழுத்தியிருந்தால் இரண்டும் வயிறு கிழிந்து செத்திருக்கும். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மீனைப் பாருங்கள் என்று நான் உங்களிடம் ஓயாமல் சொல்வது இதனால்தான். எப்படியோ எனக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தது.

அடுப்படிக்குப் போனேன். அக்கா மாவு கரைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. ஆண் மீனை வெட்டித்தான் எடுக்க வேண்டும், அது உயிரோடு இருக்காது என்று சொன்னேன்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

"மேடம், உங்களுக்கு இது நேத்தே தெரியுமா?"

"தெரியும்."

"டீ குடிக்கச்சே தெரியுமா? நான் அந்தக் கதையெல்லாம் சொல்லச்சே?"

"தெரியும் அக்கா."

அடுப்பை அணைத்தார். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அவர் திட்டவில்லை.

"ஊசி போடறதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வேணாம்னு சொல்லியிருப்பேனே மேடம். இப்ப நான் யாருகிட்டப் போய் வேணாம்னு சொல்றது?"

எத்தனையோ மேலதிகாரிகளிடம் நான் ஏச்சு வாங்கியிருக்கிறேன். எதுவும் இப்படி உறைத்ததில்லை. கண் கலங்கிவிட்டது எனக்கு.

"அப்டியே வுட்டா இன்னா ஆவும்?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பாய் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை.

"முட்டை உள்ளேயே கெட்டுப்போயிடும் பாய். ரெண்டு பொண்ணும் பிழைக்கிறது கஷ்டம். வெறுமனே பிழிஞ்சு எடுத்துட்டா அது ரெண்டும் பிழைக்கலாம், ஆனா முட்டை அத்தனையும் குப்பைக்குத்தான் போவும்."

"அடுத்த வாட்டி?"

"அடுத்த மழைக்காலம்தான்."

பாய் குடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்த் தொட்டியோரம் உட்கார்ந்துவிட்டார். அடுத்த மழைக்காலம்வரை இந்தத் தொட்டிகளை எதை வைத்து நடத்துவது என்று அக்கா என்னைக் கேட்கவில்லை. கேட்காததும் எனக்குக் கேட்டது.

பொரிப்பகத்துக்குப் போன் போட்டேன். வேறு ஆண் மீன் ஒன்று கிடைத்தால் போதும், எப்படியாவது கொண்டுவந்துவிடலாம். எங்கள் சார் நல்ல மனிதர்தான், ஆனால் அன்றைக்கு அவரும் மழையில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"இருந்த ஆணையெல்லாம் போன வாரமே எடுத்தாச்சேம்மா. இருந்திருந்தாலும் குன்றத்தூர் ரோட்ல பஸ்ஸே ஓடல, யாரு எடுத்துக்கிட்டு வர்றது? ஒரு மீனுக்கா இவ்ளோ பேஜாரு? வெட்டிட்டு வாம்மா."

போனை வைத்துவிட்டுப் பாயிடம் போய், பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தேன். இந்தத் தடவை எதையும் மறைக்கக் கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டேன். கிராம்பு எண்ணெய் விட்ட தண்ணீரில் போட்டு மயக்கிவிடுவேன், வலி தெரியாது என்றேன். எங்கே வெட்டுவேன், எதை எடுப்பேன் என்று என் உள்ளங்கையில் கோடு போட்டுக் காட்டினேன். விந்துப்பை இரண்டு பக்கமும் ஒவ்வொன்று இருக்கும், இரண்டையும் எடுப்போம் என்றேன். அவர் ஒரு தையல்காரர், கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பொண்ணுக்கு ரெண்டு பையும் வேணுமா இன்னா?"

"எப்பவும் ரெண்டுமே எடுப்போம் பாய்."

"எப்பவும் எடுப்பீங்க, செரி. வேணுமான்னுதான் கேக்கறேன். ஒரு சட்டைக்கு எவ்ளோ துணி வேணுமோ அவ்ளோதான் வெட்டணும். மொத்தத் துணியும் கையில கீதேன்னு வெட்டிடுவியா?"

இரண்டு பெண் மீனுக்கு ஒரு பை போதும். தாராளமாகப் போதும். இத்தனை வருஷத்தில் நான் அதை யோசித்ததே இல்லை. எப்படியும் சாகப்போகிற மீன், இரண்டையும் எடுத்தால் என்ன என்றுதான் செய்துகொண்டிருந்தேன். அப்போதுதான் பழைய பயிற்சி ஒன்று ஞாபகம் வந்தது. ஒருவர் ஆண் கெளுத்தியின் வயிற்றைக் கொஞ்சமாகத் திறந்து, ஒரு பையை மட்டும் எடுத்து, தைத்து விட்டுக் காட்டினார். இவருக்கு வேறு வேலை இல்லையா என்று நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தோம்.

சொன்னேன். சொல்லிவிட்டு, "ஆனா நான் செஞ்சதில்ல பாய். ஒரு தடவ தூரத்திலேருந்து பாத்ததோட சரி. மச்சான் செத்தும் போகலாம். பிழைப்பான்னு சத்தியம் பண்ண முடியாது" என்றேன். கைராசிக்காரி வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு அதுவரை வந்ததில்லை.

பாய் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "செய்" என்றார்.

"யோசிச்சு சொல்லுங்க."

"யோசிச்சுட்டுதான் சொல்றேன். நேத்து கேக்காததுக்கு இன்னிக்கு ரெண்டு வாட்டி கேக்கறியா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது.

அடுத்த சிக்கல், தைப்பது யார்? எனக்குக் கிழிந்த ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கக்கூட வராது. பாயின் கையைப் பார்த்தேன். அவரும் தன் கையைப் பார்த்துக்கொண்டார். அப்போது அக்கா உள்ளேயிருந்து ஊசிப் பெட்டியோடு வந்தார்.

"இவரை எதுக்குப் பாக்கறீங்க மேடம்? மெஷின்தான் இவருது. காஜா, கொக்கி, ஹெம்மிங்னு அந்தக் கடைல கைத்தையல் மொத்தமும் என்னுது. கோட்டுக்கு ஹெம்மிங் பண்ணா வெளில ஒரு புள்ளி தெரியாது."

"பட்டு நூலு எடுடி. பருத்தி ஊறிப்பூடும்" என்றார் பாய்.

"எடுத்தாச்சு. வெந்நீர்ல போட்டாச்சு. நீங்க சும்மா இருங்க."

"முடிச்ச ஒண்ணொண்ணாப் போடு. ஓட்டுத் தையல் போட்டா ஒண்ணு பிரிஞ்சா அல்லாம் பிரிஞ்சிரும்."

"முப்பது வருஷமா எனக்குச் சொல்லிக் குடுத்தது போதாதா? மீனைப் புடிங்க முதல்ல."

வாழைமரத்தடியில் ஒரு பலகையை இழுத்துப்போட்டு, மேலே ஒரு தார்ப்பாய் கட்டினோம். பாய் தொட்டி விளிம்பில் மூன்று தட்டு தட்டினார். அது வந்தது. தினமும் தீனி கிடைக்கிற இடத்துக்கு அது பாட்டுக்கு வந்து நின்றது.

மயக்கத் தண்ணீரில் போட்டு, அசைவு நின்றதும் எடுத்து ஈரத் துண்டில் சுற்றிப் பாய் கையில் கொடுத்தேன். பக்கத்துத் துடுப்பில் இருக்கிற முள் குத்தினால் கடுக்கும், இடது கையால் பிடியுங்கள் என்றேன். அவர் கேட்கவில்லை. இடது கையைக் கீழே கொடுத்து, வலது கையால்தான் மேலே அணைத்துப் பிடித்தார். கடைசிவரை பிடி விடவில்லை.

வெட்டினேன். வழக்கமாக ஒரே இழுப்பில் கிழித்துவிடுவேன். அன்றைக்கு என் சுண்டுவிரல் அகலத்துக்குமேல் போகவில்லை. உள்ளே தேடுகிற நேரம் ஒரு யுகமாக இருந்தது. ஒரு பக்கத்துப் பை கிடைத்தது, மெல்ல நறுக்கி எடுத்து உப்புநீரில் போட்டேன். "எடுத்தாச்சு அக்கா" என்றேன். அக்கா பிஸ்மில்லா சொல்லி முதல் தையலைப் போட்டார்.

அதே நேரம் பெண் மீன் இருந்த டப்பிலிருந்து ஒரு சலசலப்பு. எட்டிப் பார்த்தால் தண்ணீருக்கடியில் நாலைந்து முட்டை கிடக்கிறது. தானாகவே வழிய ஆரம்பித்துவிட்டது. இனி நிமிஷக் கணக்குத்தான். இங்கே வயிறு திறந்த மீன், அங்கே வழிகிற முட்டை, எனக்கு இருப்பதோ இரண்டு கை. என் வேலையை இன்னொருவர் கையில் விட்டுப் பழக்கமே இல்லாதவள் நான்.

"போங்க மேடம்" என்றார் அக்கா, தலையைத் தூக்காமலே. "இது துணி மாதிரிதான் கீது. நான் பாத்துக்கறேன்."

போனேன். பெண் மீனைத் துடைத்து, தட்டின்மேல் பிடித்து வயிற்றைத் தடவினேன். முட்டை பழுப்பு மணியாக வழிந்து வந்தது. இரண்டாவதும் அப்படியே. பையை நறுக்கிக் கரைத்து ஊற்றி, கோழி இறகால் கலந்தேன். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது, காது மட்டும் பின்னால் இருந்தது. பாய் மீனிடம் பேசிக்கொண்டிருந்தார். "இன்னும் ஒண்ணுதாண்டா மச்சான். அக்கா கை மெல்லிசுடா. ஒண்ணும் ஆவாது. நான் கீறேன்ல." அப்படியே திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு சொல்கூடக் குழறவில்லை என்பதை அக்கா பிறகுதான் எனக்குச் சொன்னார்.

நாலு தையல். ஒவ்வொன்றும் தனி முடிச்சு. நல்ல தண்ணீரில் விட்டதும் மீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. பாய் அதை நிமிர்த்திப் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தார். செவுள் அசைந்தது. பிறகு வாலை ஒரு வெட்டு வெட்டி அடிக்குப் போய்விட்டது. பாயின் உள்ளங்கையில் முள் குத்தி ரத்தம். எப்போது குத்தியது என்று அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் முட்டை பொரித்தது. நிறையப் பொரித்தது. டப்பு முழுக்கக் கடுகுக்கு வால் முளைத்ததுபோல நெளிந்தது. அக்கா கையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். ஆனால் பாய் வந்து பார்க்கவில்லை. அவர் அடுத்த தொட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். மச்சான் வரவில்லை.

அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூலையில் கிடந்தது, உயிர் இருந்தது, தீனி தொடவில்லை. நான் தினமும் போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, இருந்தாலும் போனேன். பாய் தட்டுவதை நிறுத்திவிட்டார். கை மறுபடியும் மடிக்குப் போய்விட்டது. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து ஸாரி சொன்னேன், அதை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அத்தனை குஞ்சையும் கொட்டிவிட்டு அந்த ஒரு மீனைத் திரும்பக் கொடு என்று யாராவது கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

ஒன்பதாம் நாள் காலை கேம்ப் ரோட்டில் பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கிறேன். போன் வந்தது. அக்கா. எடுத்ததும் பேசவில்லை, அழுகிறார். எனக்கு உயிரே போய்விட்டது.

"மேடம்... வந்துட்டான் மேடம். இவரு தட்டல. சும்மாதான் கைய உள்ள வெச்சுக்கினு உக்காந்திருந்தாரு. அதுவே வந்து விரலைச் சப்புது. ரெண்டு உருண்டை துன்னிச்சு."

கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பக்கத்து சீட்டு அம்மா என் கையைப் பிடித்து, "இன்னாம்மா, யாருக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆகலக்கா. மச்சானுக்கு ஆபரேஷன். பிழைச்சுட்டாரு" என்றேன். மருதமலை, திருநீர்மலை, குன்றத்தூர் என்று எல்லா சாமியையும் கூப்பிட்டு எனக்காக நன்றி சொன்னார் அந்த அம்மா. நானும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

இவ்வளவுதான் கதை. ஒரு பக்கம் மட்டும் எடுத்துத் தைக்கிறது எப்படி என்று கேட்டால் சொல்லித்தருகிறேன், அதற்குப் பிறகு நிறையச் செய்துவிட்டேன். சிலது பிழைக்காது, அதையும் முதலிலேயே சொல்லிவிடுவேன். எல்லா இடத்திலும் அது சரிப்பட்டும் வராது. ஆயிரக்கணக்கில் எடுக்கிற பெரிய பண்ணையில் யார் உட்கார்ந்து தைப்பது? வெட்டத்தான் வேண்டும். வெட்டுங்கள். நான் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஊசி போட்ட பிறகு மீன் வளர்க்கிறவர்களுக்கு வேறு வழி கிடையாது. அதனால் என்ன நடக்கும், எது சாகும் என்பதை ஊசிக்கு முன்னால் சொல்லுங்கள். கல்யாணப் பேச்சு பேசாதீர்கள், வெட்டுவோம் என்றே சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் பதில் வரும்வரை நில்லுங்கள்.

அடுத்த மழைக்காலத்தில் மறுபடியும் அதே வீட்டுக்குப் போனேன். பெண் மீன்கள் வயிறு நிறைந்து இருந்தன. மச்சானும் நன்றாகக் கொழுத்திருந்தது. வயிற்றில் நாலு புள்ளி மட்டும் தெரிந்தது. இன்னொரு பக்கத்துப் பை அப்படியே இருக்கிறது, அக்காவின் ஊசியும் இருக்கிறது. நான் ஐஸ் பெட்டியைத் திறக்காமல் திண்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"பாய், போன தடவ மாதிரியே இன்னொரு பக்கம் எடுக்கலாம். பிழைக்கலாம், பிழைக்காமயும் போகலாம். இன்னும் ஊசி போடல. செய்யவா, வேணாமா?"

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் எப்டி சொல்றது? மச்சானைக் கேட்டுக்கினு சொல்றேன், இரு" என்று எழுந்து போனார். வலது கையால் மூன்று தட்டு தட்டினார். அது வந்தது. குனிந்து, தண்ணீர்ப் பக்கம் காதைக் கொடுத்து, ரொம்ப நேரம் கேட்டார். அக்கா முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். பாய் நிமிர்ந்து, கையை உதறிக்கொண்டு திரும்பி வந்தார்.

"இன்னா சொல்றான் பாய்?"

"வேணாங்கிறான்."

"சரி பாய்" என்றேன். ஐஸ் பெட்டியை எடுத்துப் பைக்குள் வைத்தேன். வேறு ஆண் மீன் கிடைத்ததும் வருகிறேன் என்று சொல்லி எழுந்தேன். டீ குடித்துவிட்டுப் போ என்றார்கள். உட்கார்ந்து குடித்தேன், அன்றைக்கு அது தொண்டையில் நிற்கவில்லை.